தாயில்லா இளவரசிகள்

கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பின் முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ஆளனுப்பியவள் அவளைப் பெற்ற தாய். 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெற்றவள் பிரசவத்தோடு இறந்துபோகிறாள். கொலைக்குத் துணிபவள் மாற்றாந்தாய் ஆகிவிடுகிறாள். பெற்ற தாயே இப்படிச் செய்தாள் என்று குழந்தைகள் படிக்கும் புத்தகத்தில் இருக்கக்கூடாது என்று தொகுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். தாய்மையின் புனிதம் காப்பாற்றப்பட்டது, ஆனால் தாய் கதையைவிட்டே வெளியேற்றப்பட்டாள். நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீள அனிமேஷன் படத்துக்குள் இந்தத் திருத்தம் அப்படியே வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு திரைக்கு வந்த இளவரசிகளில் பலருக்கும் அம்மா கிடையாது.

தேவதைக் கதைப் படங்களில் பெண்கள் எப்படி மாறினார்கள் என்பதற்கு வழக்கமாக ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. முதலில் அவள் தூங்கியபடி இளவரசனுக்காகக் காத்திருந்தாள். பிறகு கனவு கண்டாள், அடம்பிடித்தாள். அதன்பின் வில்லும் வாளும் எடுத்தாள். இப்போது அவளுக்கு இளவரசனே தேவையில்லை. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த வரலாறு நாயகி ஒருத்தியை மட்டுமே பார்க்கிறது. அவளைச் சுற்றியிருந்த பெண்கள் என்ன ஆனார்கள், அவளும் இன்னொரு பெண்ணும் மனம்விட்டுப் பேசிக்கொள்கிறார்களா, வயதான பெண்களுக்குக் கதையில் என்ன இடம், இவர்களை எழுதியதும் வரைந்ததும் யார் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கோடு நேராக மேலே ஏறுவதாகத் தெரியவில்லை. நடுவில் பெரிய சரிவு ஒன்று இருக்கிறது. அது நாம் மிகவும் கொண்டாடும் படங்களிலேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வரலாற்றை டிஸ்னியிலிருந்து தொடங்குவதே முதல் பிழை. இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது 1926-இல் ஜெர்மனியில் வெளியான ‘இளவரசன் அக்மதின் சாகசங்கள்’. அதை இயக்கியவர் லோட்டே ரைனிகர் என்ற பெண். கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, உறுப்பு உறுப்பாகக் கோத்து, ஒளியூட்டிய கண்ணாடியின்மேல் ஒவ்வொரு அசைவாக நகர்த்திப் படமெடுத்தார். ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளிலிருந்து எடுத்த அந்தப் படத்தில், குளிக்கும்போது தூக்கிச் செல்லப்படும் இளவரசி பாரி பானு பழைய வார்ப்புதான். ஆனால் எரிமலையில் வாழும் சூனியக்காரி ஒருத்தி வருகிறாள். பருத்த உடல், கோணல் மூக்கு, பார்த்தாலே பயம் தரும் உருவம். அவள் நாயகனின் பக்கம் நிற்கிறாள். மந்திரவாதியோடு உருமாறி உருமாறிச் சண்டையிட்டு அவனை வீழ்த்துவது அவளே. வயதான, அழகற்ற, வல்லமை மிக்க பெண் நல்லவளாகவும் இருக்கலாம் என்று அனிமேஷன் 1926-லேயே காட்டிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

1937 டிசம்பரில் வெளியான ‘ஸ்னோ ஒயிட்’ வேறொரு பாதையை வகுத்தது. அதில் பெண்கள் இரண்டு பேர். இளையவள் வீட்டைப் பெருக்கி, சமைத்து, காத்திருக்கிறாள். மூத்தவள் பொறாமையில் வெந்து தன்னையே கிழவியாக மாற்றிக்கொள்கிறாள். முதுமை அங்கே தீமையின் முகமூடி. அரசியைவிட அழகி யார் என்று தீர்ப்புச் சொல்லும் கண்ணாடிக்கு ஆண் குரல். சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் குபாரும் 1979-இல் எழுதிய புத்தகத்தில், இரண்டு பெண்களை மோதவிடும் அந்தக் குரல் கதையில் காணாமற்போன அரசனுடைய குரல்தான் என்று படித்தார்கள். படத்தைத் திரும்பப் பார்க்கும்போது அந்த வாசிப்பைத் தள்ளிவிட முடியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரிம் கதையில் ஸ்னோ ஒயிட் முத்தத்தால் விழிப்பதில்லை. சவப்பெட்டியைத் தூக்கிச் செல்பவர்கள் இடற, தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. உயிர் கொடுக்கும் முத்தம் படம் சேர்த்தது.

இந்தப் படத்தைச் செய்தவர்களில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆண்கள் பென்சிலால் வரைந்ததைச் செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுத்து, பின்புறம் வண்ணம் பூசியது பெண்களின் பிரிவு. ஸ்னோ ஒயிட்டின் கன்னத்துச் சிவப்பை ஒவ்வொரு தாளிலும் கையால் ஏற்றியவர்களும் அவர்கள்தான். ஆனால் படைப்பு வேலையில் பெண்களைச் சேர்ப்பதில்லை, அது இளைஞர்களுக்கு உரியது என்று 1938-இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு அந்த நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதம் இன்றும் இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. ஸ்னோ ஒயிட்டின் கதைக் குழுவில் டாரதி ஆன் பிளாங்க் பெயர் இருக்கிறது. ‘சிண்டரெல்லா’ (1950) காட்சிகளின் வண்ண உலகைக் கற்பனை செய்ததில் மேரி பிளேருக்குப் பெரும் பங்கு. என்றாலும் திரையில் வரும் பெண்கள் என்ன பேச வேண்டும், யாரை விரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்த மேசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

சிண்டரெல்லாவில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 1959-இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் சற்று நிற்க வேண்டும். பெண்ணைச் செயலற்றவளாகக் காட்டியதற்கு உச்சம் என்று எல்லோரும் சுட்டும் படம் இது. நாயகி அரோரா பேசும் வரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தூங்கிய பிறகு அவளுக்குக் கதையில் வேலையே இல்லை. ஆனால் படத்தை நடத்துவது யார்? ஃப்ளோரா, ஃபானா, மெரிவெதர் என்ற மூன்று நடுவயதுத் தேவதைகள். குழந்தையைக் காட்டில் வளர்ப்பது அவர்கள். சிறைப்பட்ட இளவரசனை விடுவிப்பதும், கையில் வாளும் கேடயமும் கொடுப்பதும், கடைசியில் அந்த வாளுக்கு மந்திரம் ஏற்றி நாகத்தை வீழ்த்துவதும் அவர்களே. எதிரில் நாகமாக உருமாறி நின்ற மெலிஃபிசென்ட்டும் ஒரு பெண். வெற்றி இளவரசன் பேரில் எழுதப்பட்டாலும் போர் பெண்களுக்கிடையில் நடந்தது.

1970-களில் இந்தக் கதைகளைப் பற்றிப் பெண்ணியவாதிகளிடையே சூடான விவாதம் எழுந்தது. நாட்டுப்புறக் கதைகளில் வலிமையான பெண்கள் ஏராளம் என்று அலிசன் லூரி 1970-இல் எழுதினார். இருக்கலாம், ஆனால் குழந்தைகள் கைக்கு வந்து சேர்ந்தவை அழகுக்குப் பரிசாகக் கல்யாணம் கிடைக்கும் கதைகள்தாமே என்று மார்சியா லீபர்மன் 1972-இல் பதில் எழுதினார். கே ஸ்டோன் 1975-இல் அமெரிக்க நாட்டுப்புறவியல் இதழில் எழுதிய கட்டுரை எனக்கு இவற்றில் சிறந்ததாகப் படுகிறது. வாய்மொழிக் கதைகளின் துணிச்சல்காரப் பெண்களை விட்டுவிட்டு, அடங்கிய நாயகிகளின் கதைகளை டிஸ்னி பொறுக்கியெடுத்தார், பின் அவர்களை இன்னும் அடக்கினார் என்று அவர் காட்டினார். ஆகவே குற்றம் கதைமரபின் மீது மட்டும் இல்லை. தேர்ந்தெடுத்தவர்கள் மீதும் உண்டு.

முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 1989-இல் ‘லிட்டில் மெர்மெய்ட்’ வந்தபோது மாறுதல் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். ஏரியல் துறுதுறுப்பானவள், அப்பாவை எதிர்ப்பவள், புயலில் மூழ்கும் இளவரசனைக் காப்பாற்றுபவள். இந்த இடத்தில்தான் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய மூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கே கடலரசனின் ஆறு மகள்களை வளர்ப்பவள் அவனுடைய முதிய தாய். மேலுலகைப் பற்றியும் அழியாத ஆன்மாவைப் பற்றியும் கடற்கன்னி பாட்டியிடம்தான் கேட்கிறாள். அவளுக்கு வேண்டியது இளவரசன் மட்டுமல்ல, அந்த ஆன்மாவும் தான். இளவரசன் வேறொருத்தியை மணந்த இரவில், அக்காமார் ஐந்து பேரும் மொட்டைத் தலையோடு கடல்மேல் எழுகிறார்கள். தங்கையைக் காப்பாற்றும் கத்தி ஒன்றுக்காகத் தங்கள் கூந்தலைச் சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

படத்தில் பாட்டி இல்லை. அக்காமார் ஆரம்பத்தில் ஒரு கச்சேரியில் வரிசையாக நின்று பெயர் சொல்லிவிட்டுப் போவதோடு சரி. பாட்டியின் இடத்தில் தந்தை டிரைட்டன். அக்காமாரின் இடத்தில் நண்டு செபாஸ்டியன், மீன் ஃப்ளவுண்டர், கடற்பறவை ஸ்கட்டில், மூவரும் ஆண்கள். கதையில் பெண்ணாக நிலைத்தவள் சூனியக்காரி அர்சுலா. ஆண்களுக்கு வாயாடிப் பெண்களைப் பிடிக்காது என்று பாடியே ஏரியலின் குரலை வாங்கிக்கொள்கிறாள். துணிச்சலான நாயகி கிடைத்தாள். அவளுடைய குடும்பத்துப் பெண்கள் மறைந்தார்கள்.

இது ஒரு படத்தோடு போகவில்லை. கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்து 2016-இல் முடிவுகளைச் சொன்னார்கள். ஸ்னோ ஒயிட்டில் ஆண்களும் பெண்களும் ஏறக்குறையப் பாதிப் பாதி பேசுகிறார்கள். சிண்டரெல்லாவில் பெண்கள் 60 சதவீதம், ஸ்லீப்பிங் பியூட்டியில் 71 சதவீதம். ‘லிட்டில் மெர்மெய்ட்’டில் ஆண்களின் பேச்சு 68 சதவீதம், ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’டில் 71, ‘அலாதீன்’ (1992) படத்தில் 90. சீனாவையே காப்பாற்றும் பெண்ணின் கதையான ‘முலான்’ (1998) படத்திலும் 77 சதவீதப் பேச்சு ஆண்களுடையது. அவளுக்குத் துணையாக வரும் குட்டி நாகம் முஷு அவளைவிட அதிகம் பேசுகிறது. நான் சொன்ன சரிவு இதுதான். கடைக்காரர், படைவீரர், வேடிக்கை காட்டும் விலங்கு என்று எதுவானாலும் ஆணாகவே நினைக்கும் பழக்கம் எழுத்தறையில் ஊறிப்போயிருந்தது. நாயகி மட்டுமே பெண்.

அதே ஆய்வு நல்ல செய்தி ஒன்றையும் சொன்னது. பழைய படங்களில் பெண்களுக்குக் கிடைத்த பாராட்டுகளில் 55 சதவீதம் அவர்களுடைய தோற்றத்துக்கு, 11 சதவீதம் மட்டுமே திறமைக்கு. 1990-களில் அது 38, 25 என்று மாறியது. 2009 முதல் வந்த படங்களில் திறமைக்கான பாராட்டு 40 சதவீதமாகி, தோற்றத்தை முந்திவிட்டது. ஆக, எண்ணிக்கையில் சுருங்கிய அதே காலத்தில் மதிப்பில் ஒரு படி ஏறியிருக்கிறார்கள்.

இந்த ஏற்றத்துக்குக் காரணங்கள் பல. நான் முதலில் வைப்பது எழுத்தறைக்குள் பெண்கள் நுழைந்ததை. 1991-இல் வந்த ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’டின் திரைக்கதையை எழுதியவர் லிண்டா வுல்வர்டன், டிஸ்னி அனிமேஷன் படமொன்றின் திரைக்கதையை எழுதிய முதல் பெண். தான் போக விரும்பும் ஊர்களைக் குறிக்க வரைபடத்தில் நாயகி பெல் குண்டூசி குத்துவதாக அவர் ஒரு காட்சி எழுதினார். காட்சிப்பலகையாக வரைந்து திரும்பி வந்தபோது பெல் சமையலறையில் நின்று கேக்கை அலங்கரித்துக்கொண்டிருந்தாள். வுல்வர்டன் சண்டை போட்டார். கடைசியில் இரண்டும் இல்லாமல், புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல் தெருவில் நடக்கும் பெல் பிறந்தாள். இன்று உலகமே நினைவில் வைத்திருக்கும் அந்தக் காட்சி ஒரு பெண் விட்டுக்கொடுக்காததால் வந்தது. இருந்தும் பெல்லுக்கும் அம்மா இல்லை. பேச்சுத்துணைக்கு இருக்கும் பெண் ஒரு தேநீர்க் கூஜா.

2009-இல் வந்த ‘பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’ டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியைத் தந்தது. நியூ ஆர்லியன்ஸில் சொந்த உணவகம் வைக்க உழைக்கும் டியானாவுக்கு அம்மா உயிரோடு இருக்கிறாள். ஆனால் படத்தின் பெரும்பகுதியில் டியானா தவளையாகவே இருக்கிறாள். கறுப்பினப் பெண்ணின் முகத்துக்காகக் காத்திருந்தவர்களின் வருத்தம் நியாயமானது. தலைப்பில் இளவரசி இருந்தால் பையன்கள் வரமாட்டார்கள் என்று நிறுவனம் அஞ்சியதால், ‘ராபன்ஸல்’ என்று வரவேண்டிய படம் 2010-இல் ‘டேங்கிள்ட்’ ஆனது. அதில் வளர்ப்பு மகளைக் கோபுரத்தில் அடைத்து வைத்து, அன்புப் பேச்சாலேயே அவளைச் சிறுமைப்படுத்தும் கோத்தலைக் கூர்மையாக எழுதியிருக்கிறார்கள். என்றாலும் அவள் மறுபடி இளமைக்கு ஏங்கும் கிழவிதான்.

தாய் உண்மையில் திரும்பி வந்தது பிக்சாரின் ‘பிரேவ்’ (2012) படத்தில். பிரெண்டா சாப்மன் தன் மகளோடு தனக்கிருந்த இழுபறியிலிருந்து உருவாக்கிய கதை அது. இளவரசி மெரிடாவை மணக்க மூன்று இளைஞர்கள் வில்போட்டியில் இறங்க, நான்காவதாக அவளே வந்து நிற்கும் காட்சியைக் கவனியுங்கள். அம்மா இறுக்கிக் கட்டிவிட்ட நீல உடையில் கையை உயர்த்த முடியவில்லை. அவள் உடம்பை வளைக்க, தோளிலும் முதுகிலும் தையல் பிரிகிறது. அதன் பிறகுதான் நாண் முழுதாக இழுபடுகிறது. இளவரசியின் உடை அழகுக்குப் பதிலாகத் தடையாகத் தெரியும் காட்சி இது. ஆனால் படத்தின் உயிர் வில்லில் இல்லை. மகளின் கோபத்தால் கரடியாகிப்போன அம்மாவும் மகளும் ஆற்றில் மீன் பிடிக்கும்போது ஒருவரையொருவர் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். தப்பு இருவர் பக்கமும், இறங்கி வருவதும் இருவரும்.

இந்தப் படத்தைச் சாப்மன் கையிலிருந்து 2010-இல் எடுத்து மார்க் ஆண்ட்ரூஸிடம் கொடுத்தார்கள். ஆஸ்கர் வந்தபோது இருவர் பெயரிலும் வந்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் பெண் சாப்மன். 2013-இல் மெரிடாவை அதிகாரபூர்வ இளவரசிகளின் வரிசையில் சேர்க்கும்போது, விற்பனைக்கான படத்தில் இடையைச் சுருக்கி, முகத்தை மெருகேற்றி, மினுமினுக்கும் கவுனை மாட்டி, வில்லை எடுத்துவிட்டார்கள். அவள் கிழித்துப் போட்ட உடையையே மறுபடி போட்டுவிட்டார்கள். சாப்மன் வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். படம் எவ்வளவு மாறினாலும் பொம்மைக் கடை மாற மறுக்கிறது. ‘ஃப்ரோசன்’ நாயகி எல்சாவின் படம் போட்ட பையும் கேக்கும் நீல கவுனும் நம் ஊர்க் கடைகள்வரை வந்துவிட்ட நிலையில், பெரும்பாலான குழந்தைகள் படத்தைவிடப் பொம்மையோடுதான் அதிக நேரம் வாழ்கிறார்கள்.

‘ஃப்ரோசன்’ (2013) அடைந்த வெற்றியைச் சொல்லத் தேவையில்லை. ஜெனிஃபர் லீ வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோவின் முழுநீளப் படத்தை இயக்கிய முதல் பெண். கிறிஸ் பக்குடன் சேர்ந்து இயக்கினார். வில்லியாகத் திட்டமிடப்பட்டிருந்த எல்சா, அவளுக்காக எழுதிய ஒரு பாடல் பிறந்ததும் நாயகியானாள். அக்கா தங்கை உறவைப் புரிந்துகொள்ள ஸ்டுடியோவில் வேலை செய்த பெண்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உறைந்த இதயத்தைக் கரைக்கும் உண்மையான அன்பு காதலன் முத்தமல்ல, சகோதரிக்காகத் தன்னையே கொடுப்பது என்று ஒரு டிஸ்னி படம் சொன்னதைப் பெரிய திருப்பம் என்றே மதிக்கிறேன்.

ஆனால் இங்கேயும் மூலத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டர்சனின் ‘பனி அரசி’ (1844) கதையில், கடத்தப்பட்ட பையனை மீட்கப் போகும் கெர்டா என்ற சிறுமிக்கு வழிநெடுக உதவுபவர்களில் பலர் பெண்கள்: கொள்ளைக்காரச் சிறுமி, லாப்லாந்துக் கிழவி, ஃபின்லாந்துப் பெண். 1957-இல் லெவ் அத்தமானோவ் எடுத்த சோவியத் அனிமேஷன் படம் அந்தக் கதையை விட்டு விலகவில்லை. இளவயதில் மனம் தளர்ந்திருந்த ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகிக்கு அனிமேஷன் தொழில்மேல் நம்பிக்கை தந்த படங்களில் அதுவும் ஒன்று. ‘ஃப்ரோசன்’னில் தங்கை ஆன்னாவோடு பயணம் போவது கிறிஸ்டாஃப், கலைமான் ஸ்வென், பனிமனிதன் ஓலஃப். பெண்களின் பேச்சு 41 சதவீதம்தான். பெண் பாத்திரங்களின் முகத்தில் உணர்ச்சிகளைக் கொண்டுவரும்போதே அழகும் கெடாமல் பார்த்துக்கொள்வது கடினம் என்று அப்படத்தின் அனிமேஷன் தலைவர் பேட்டியில் சொன்னது அப்போது சர்ச்சையானது. தான் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று விளக்கம் வந்தது. ஆன்னா, எல்சா இருவர் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும்.

கோபம் வந்தால் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்பதை அஞ்சாமல் வரைந்த படம் அதே 2013-இல் ஜப்பானில் வந்தது. ஜிப்லி ஸ்டுடியோவுக்காக இசாவோ தகாஹாதா இயக்கிய ‘இளவரசி காகுயாவின் கதை’. ரிகோ சகாகுச்சி என்ற பெண்ணோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். மூங்கிலில் கிடைத்த பெண்குழந்தையைப் பற்றிய ஆயிரம் ஆண்டுப் பழைய கதை. கிராமத்தில் ஓடித் திரிந்தவளைத் தலைநகருக்குக் கொண்டுவந்து, புருவம் மழித்து, பல்லுக்குக் கறுப்பேற்றி இளவரசியாக்கப் பார்க்கிறார் வளர்ப்புத் தந்தை. பெயர் சூட்டும் விருந்தில் திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் காகுயா, குடித்த ஆண்கள் தன்னைப் பற்றி ஏளனமாகப் பேசுவதைக் கேட்கிறாள். கையிலிருந்த சிப்பி நொறுங்குகிறது. கதவுகளை உடைத்துக்கொண்டு ஓடுகிறாள். அடுக்கடுக்கான பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அதுவரை நீர்வண்ணத்தில் மென்மையாக இருந்த கோடுகள் கரிக்கட்டையால் கிறுக்கியதுபோல முரடாகின்றன. கண்ணும் மூக்கும் கலைந்து அவள் வெறும் வேகமாகிறாள். இந்த ஒரு நிமிடத்துக்கு ஈடான காட்சியை நான் வேறெந்தத் தேவதைக் கதைப் படத்திலும் பார்த்ததில்லை. அவள் எந்த வாளும் எடுக்கவில்லை, யாரையும் வெல்லவுமில்லை. படம் முழுவதும் அவளைச் சரியாகப் புரிந்துகொள்பவள் அவளுடைய வயதான வளர்ப்புத்தாய். மாளிகையின் மூலையில் தறி வைத்து நெய்து, செடி வளர்த்து, பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருப்பவள்.

பின்னர் வந்தவற்றில் ‘மோவானா’ (2016) காதலையே விட்டுவிட்டது. வழிகாட்டும் பாட்டி டாலா அன்பான படைப்பு, பாதியில் இறந்து ஆவியாக வருகிறாள். ‘என்காண்டோ’ (2021) மூன்று தலைமுறைப் பெண்களை ஒரே வீட்டில் வைத்து, கண்டிப்பான பாட்டியின் காயத்தையும் பேசியது. மகிழத்தக்க மாற்றங்கள்தாம்.

இந்தப் படங்கள் குழந்தைகளை என்ன செய்கின்றன என்பதற்கும் ஒற்றைப் பதில் இல்லை. சாரா காய்ன் குழுவினர் 198 சிறு குழந்தைகளைக் கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இளவரசிகளில் அதிகம் தோய்ந்த குழந்தைகள் ‘பெண்பிள்ளைக்கு உரியது’ என்று ஊர் சொல்வதையே அதிகம் செய்தார்கள். அவர்களே வளர்ந்த பின் பார்த்து 2021-இல் எழுதியபோது, இளவரசிகளோடு வளர்ந்தவர்களிடம் பெண்-ஆண் சமத்துவம் பற்றி முற்போக்கான கருத்துகள் தென்பட்டன. இளவரசிப் படங்களைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கத் தேவையில்லை என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

நாயகியின் கை ஓங்கிவிட்டது. அதில் இனி சண்டையில்லை. வழியில் கைவிடப்பட்டவர்கள்தான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை: அக்கா, தோழி, சித்தி, பாட்டி, சூனியக்காரியாகாமலே முதுமை அடைந்த பெண். திரைக்கதை எழுதுகிறவர்கள் அவர்களுக்கு இடம் தர வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்; இந்தப் படத்தில் எந்தெந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள் என்று படம் முடிந்ததும் கேளுங்கள், அவர்கள் யோசித்துச் சொல்வார்கள். டிஸ்னியோடு நிறுத்திவிடாமல் ரைனிகரின் நிழலுருவங்களையும் அத்தமானோவின் பனி அரசியையும் காகுயாவையும் தேடியெடுத்துக் காட்டுங்கள்.